அறுபத்தொரு விழுக்காடு

பத்தொன்பது வருடம் உழைத்த தொழிற்சாலையில், போன ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, கழிவறைக்குப் போவதற்கு அட்டை கேட்டு நின்றேன். நாற்பது பேர் வேலை செய்யும் பேக்கிங் பகுதிக்கு இரண்டே அட்டைகள். மஞ்சள் நிறம், மலாயில் 'தண்டாஸ்' என்று கொட்டை எழுத்து. அதைக் கயிற்றோடு கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும், பத்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும். இரண்டும் வெளியே போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு நாற்பத்தேழு வயது. அட்டையை என் கழுத்தில் மாட்டிய சூப்பர்வைசர் குமுதாவுக்கு இருபத்தாறு இருக்கும்.

"சோரி ஆன்ட்டி, ரூல் லா," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் மேனேஜர் கிரிதரன் மேல்தான். அது இன்றுவரை ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

எங்கள் தொழிற்சாலை கிள்ளானில், மேரு சாலையிலிருந்து லோரிகள் திரும்புகிற பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். கையுறை செய்கிறோம், ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிய கையுறை அல்ல, அமிலமும் எண்ணெயும் புழங்குகிற தொழிலாளி மாட்டிக்கொள்கிற தடித்த பச்சைக் கையுறை. நான் பேக்கிங்கில் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் பெட்டி மடித்து, பிறகு பரிசோதனைக் கூடத்துக்குப் போனவள். லேபில் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. லைனில் நீலத் தொப்பி. தொப்பியைப் பார்த்துத்தான் அங்கே மரியாதை. என் கோட்டின் மார்பில் 'புஷ்பவல்லி' என்று நானே சிவப்பு நூலால் தைத்திருந்தேன்.

லேபில் என் வேலை சொல்வதற்குச் சுலபம். ஒரு கையுறையின் உள்ளங்கையிலிருந்து இரண்டு துண்டு வெட்டுவேன். ஒன்றை அப்படியே இயந்திரத்தில் வைத்து ஊசியால் குத்தி, எவ்வளவு பலத்தில் ஓட்டை விழுகிறது என்று எழுதுவேன். அது முன் அளவு. இன்னொன்றை ஒரு மணி நேரம் அமிலத்தில் படவைத்து எடுத்து, அதே ஊசியால் குத்துவேன். அது பின் அளவு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை விழுக்காடு பலம் குறைந்தது என்று திரையில் ஓர் எண் வரும், பக்கத்தில் 'டிகிரேடேஷன்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஏழு வருடமாக அந்த வார்த்தை எனக்கு ஓர் எண், அவ்வளவுதான். எட்டு என்றால் நல்ல சரக்கு, பதினெட்டு என்றால் பரவாயில்லை, முப்பது என்றால் திருப்பி அனுப்பு.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு புதிய ஆர்டருக்கான முதல் சரக்கு வந்தது. ஹாலந்துக் கம்பெனி. இருபதுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அக்டோபரில் அவர்களுடைய ஆடிட்டர் நேரில் வந்து பார்த்துச் சரியென்றால் மூன்று வருட ஆர்டர். துண்டை அமிலத்திலிருந்து எடுக்கும்போதே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது, பிடித்தால் கொழகொழவென்றிருந்தது. முன் அளவு நாற்பத்தாறு. பின் அளவு பதினெட்டு. திரையில் அறுபத்தொன்று. மூன்று கையுறை மாற்றி மாற்றிச் செய்தேன். அப்படியேதான் வந்தது. செலவைக் குறைக்க ரப்பர் பாலில் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். அமிலம் பட்டால் சுண்ணாம்பு என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

கிரிதரன் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, மெஷின்ல ஏதோ பிரச்சின. பதினாறுன்னு போட்டுருங்க."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு பாஸ். போன வாரத்துச் சரக்கு பன்னெண்டு காட்டுச்சே."

"இதெல்லாம் வெறும் பேப்பர்தான்க்கா. ஆடிட்டருக்கு நல்ல கையுறையாப் பொறுக்கித் தனிப் பெட்டியில வெச்சிருக்கோம். யாரும் அமிலத்துக்குள்ள கைய விட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் ஒக்காந்திருக்கப் போறதில்ல."

"என் அக்கா ஒக்காந்திருக்கு பாஸ்," என்றேன்.

பொய்யில்லை. என் அக்கா வீரம்மா பூச்சோங்கில் பழைய கார் பேட்டரிகளைப் பிரிக்கிற கடையில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் அமிலம்தான். அவள் மாட்டுவது எந்தக் கம்பெனிக் கையுறையோ, அதைச் சோதித்தவள் எவளோ, அவள் ஒழுங்காக எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. எழுதியிருப்பாள் என்று நம்பித்தான் அக்காவைத் தினமும் வேலைக்கு அனுப்புகிறேன். கையெழுத்துப் போட முடியாது என்று கிரிதரனிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், லைன் முழுக்க வரிசையாக நிற்கும்போது, ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார். முன்னால் போனேன். கோட்டைக் கழற்றச் சொன்னார். நேபாளத்துப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள், நம் பெண்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தானைக் கழற்ற என் விரல் வரவில்லை. கடிதம் இல்லை, விசாரணை இல்லை, காரணமும் இல்லை. "பேக்கிங்ல அனுபவமுள்ள ஆள் தேவப்படுது," என்று மைக்கில் சொல்லி ஒரு நீலத் தொப்பியை நீட்டினார். பன்னிரண்டு வருடம் ஏறிய படியை அரை நிமிடத்தில் இறக்கிவிட்டார். போகும்போது மைக்கை மூடிக்கொண்டு, "மனசு மாறினா சொல்லுங்க, கோட்டு அலமாரியிலதான் தொங்கும்," என்றார்.

வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பத்தேழு வயதுப் பெண்ணை எவன் லேபில் எடுப்பான்? தவிர, தப்புச் செய்தவர் குளிர்சாதன அறையில் இருக்க, நான் ஏன் வெளியே போக வேண்டும்?

அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைப் பற்றி மட்டும் முதலில் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் சோற்றைப் பிசைந்துகொண்டே அதையும் சொன்னேன்.

"அந்த மெஷின்ல ஒரு வார்த்த வரும்னு சொல்லுவியே. அதுக்குத் தமிழ்ல என்னடி?" என்று கேட்டாள்.

"பொருளுக்குன்னா நலிவுன்னு சொல்லலாம். வேலைக்குன்னா பதவி இறக்கம். மனுசருக்குன்னா இழிவு. இங்கிலீஷ்காரனுக்கு எல்லாத்துக்கும் ஒரே வார்த்த."

"அவனுக்கு வசதிதான்," என்றாள் அக்கா. "கையுறை தானா நலிஞ்சு போகும். மனுசியத் தானா எறங்க விடுவானா? ஒருத்தன் எறக்கணும். ஒன்னைய எறக்கினவன் பேரு அந்த வார்த்தையில எங்கடி இருக்கு?"

சோற்றைப் பாதியில் விட்டேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இரண்டு மாதம் நீலத் தொப்பியோடு போயிற்று. லேபில் பிரவின் என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் கிரிதரன் சொன்ன எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். நான் எதிரே வந்தால் பாதையை மாற்றிக்கொள்வார். மதியம் கேண்டீனில் என் மேசையில் உட்கார்ந்தது வேலாயுதம் அண்ணன் மட்டும்தான். அவர் பழுதுபார்க்கும் பகுதியில் மூத்தவர், தொழிற்சாலைப் பூசைகளை எல்லாம் நடத்துகிறவரும் அவரே.

அக்டோபரில் ஆயுத பூசை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அதற்கு விடுமுறை கிடையாது, லைனும் நிற்காது. சாமிதான் வேலைக்கு வர வேண்டும். லேபின் மூலையில் சரஸ்வதி படம் வைத்து, பரிசோதனை இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அன்று மாலையோடு லேப் இயந்திரங்களுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூசை. அப்போது ஏடு பிரிப்பது எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். படத்தின் முன்னால் வைத்த நோட்டை எடுத்து, கடைசியாக எழுதிய பக்கத்தை எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு அடுத்த பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு அந்த வருடக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஏழு வருடமாகப் படித்தவள் நான்தான்.

அந்த நோட்டு ஒரு நீள நோட்டு. அட்டை முழுக்கப் பழைய சந்தனக் கறை. லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று வருடமாகிறது, ஆனாலும் நான் ஒவ்வோர் அளவையும் முதலில் அந்த நோட்டில்தான் எழுதுவேன். கை பழகிவிட்டது. கிரிதரனுக்கு அது தெரியாது, எந்த வருடமும் ஏடு பிரிக்கும்போது அவர் வந்து நின்றதில்லை. அவரைப் பொறுத்தவரை அது 'பூஜை புக்'. வருடத்தில் இரண்டு நாள் சாமி முன்னால் இருக்கும், மற்ற நாளில் மேசை இழுப்பறையில் கிடக்கும், அவ்வளவுதான்.

பூசை அன்று மாலை அவரே வந்து நின்று ஏற்பாடு செய்தார். மறுநாள் காலை ஹாலந்து ஆடிட்டர் வருகிறாரல்லவா, நம் பண்பாட்டைக் காட்ட வேண்டுமாம். வாழைக்கன்று, தோரணம், ரிப்பன் கட்டிய பழத்தட்டு எல்லாம் வந்தன. இழுப்பறையிலிருந்து அந்த நோட்டைத் தன் கையாலேயே எடுத்துத் துடைத்துப் படத்தின் முன்னால் வைத்தார். நான் நீலத் தொப்பியோடு கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அங்கே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். என்னை இறக்கிய பிறகு அதில் யாரும் ஒரு வரி எழுதியதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர், சோற்றுப் பானையையே கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் படித்தால் மிச்சமிருக்கிற வேலையும் போகும். அதனால் படிக்க வேறு யாரையாவது கூப்பிடட்டும் என்றுதான் அன்று இரவு வேண்டிக்கொண்டேன். அதை மறைத்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

காலையில் குமுதா ஓடிவந்தாள். "ஆன்ட்டி, பாஸ் கூப்பிடுறாரு."

கிரிதரன் அறையில் என் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சலவை செய்து இஸ்திரி போட்டிருந்தார்கள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாளைக்கு இதப் போட்டுக்குங்க. ஆடிட்டர் ஒங்களப் பாக்கணும்னு சொல்றாரு. ஏடு பிரிச்சு நாலு வரி படிங்க, சிரிச்ச மொகமா நில்லுங்க. போதும்."

"என்னைய எதுக்கு அவரு பாக்கணும்?"

"ரிப்போர்ட்ல ஒங்க பேருதானே இருக்கு. பிரவின் பேரு அவங்ககிட்ட ரெஜிஸ்டர் ஆகல. ஒங்க பேரு ஏற்கெனவே ஓகே ஆன பேரு." பிறகு சும்மா ஒரு விவரம்போல, "நாளையில இருந்து பழையபடி பேக்கிங்," என்றார்.

மேசையில் அந்த அறிக்கையின் நகல் கிடந்தது. டிகிரேடேஷன், பதினாறு விழுக்காடு. சோதித்தவர், புஷ்பவல்லி. கையெழுத்துக்குப் பதில் கம்ப்யூட்டரில் பொறித்த என் பெயர்.

கோட்டைப் பிடுங்கினார், தாங்கினேன். கழுத்தில் அட்டை மாட்டினார், அதையும் தாங்கினேன். என் பெயரை மட்டும் எனக்குத் தெரியாமல் எடுத்துத் தன் பொய்க்கு அடியில் ஒட்டியிருக்கிறார். உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். நடுக்கமில்லாமல் எல்லாப் பொத்தானையும் மாட்டினேன்.

லேபில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஆடிட்டருக்கு அறுபது வயதிருக்கும், உயரமான மனிதர். யாரோ நெற்றியில் வைத்த குங்குமம் மூக்கில் உதிர்ந்திருந்தது. என் கோட்டில் இருந்த பெயரைக் கூர்ந்து படித்து, "மேடம் புஷ்பவல்லி!" என்று கை கொடுத்தார். வேலாயுதம் அண்ணன் கற்பூரம் காட்டினார். கிரிதரன் ஆடிட்டரிடம் வழக்கத்தை விளக்கினார். கடைசியாக எழுதியதை உரக்கப் படிப்பார்கள், கல்விக் கடவுள் முன்னால் படிப்பதால் அது புனிதம், மாற்றிப் படிக்கக் கூடாது என்று தன் வாயாலேயே சொன்னார்.

நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தேன். என் கையெழுத்து ஆங்கிலத்தில்தான் இருந்தது. எழுதியபடியே ஆங்கிலத்தில் படித்தேன். தேதி. சரக்கு எண். சோதித்த அமிலம். முன் அளவு நாற்பத்தாறு. பின் அளவு பதினெட்டு. டிகிரேடேஷன், அறுபத்தொரு விழுக்காடு.

இரண்டாவது கையுறைக்குப் போவதற்குள் கிரிதரன், "போதும்க்கா, போதும்," என்று நோட்டைப் பிடித்தார்.

"பாஸ், சாமி முன்னாடி பாதியில நிறுத்தக் கூடாது," என்றார் வேலாயுதம் அண்ணன். அவர் கையில் இன்னும் கற்பூரத் தட்டு இருந்தது. முப்பது பேர் பார்க்க, கிரிதரன் கையை எடுத்தார். மீதி இரண்டையும் படித்து முடித்தேன்.

ஆடிட்டர் தன் கோப்பைத் திறந்தார். சரக்கு எண்ணை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். தன் தாளில் இருந்த எண்ணில் விரலை வைத்துக்கொண்டு, "இந்தப் பதினாறை எழுதியது நீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நான் எழுதியது இது," என்று நோட்டைக் காட்டினேன்.

பழைய நோட்டு, பழைய இயந்திரம், இந்த அம்மாவுக்குக் குழப்பம் என்று கிரிதரன் ஏதேதோ சொன்னார். பொறுக்கி வைத்த அந்தத் தனிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி முன்னால் வைத்தார். ஆடிட்டர் அது வேண்டாமென்று, கிடங்குக்குத் தானே நடந்துபோய் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவி வந்தார். என்னிடமே கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். சந்தனப் பொட்டோடு இயந்திரம் ஓடியது. அமிலத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் சுண்டல் ஆறிப்போயிற்று. முடிவு அறுபத்து மூன்று.

ஹாலந்துக் கம்பெனி போய்விட்டது. அதனால் எனக்கு யாரும் மாலை போடவில்லை. ஓவர்டைம் போயிற்று என்று பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஒரு பெண் கேண்டீனில் என் காதுபட, "நல்லவங்களா இருக்கறதுக்கும் ஒரு அளவு வேணும்," என்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், சைக்கிள் முதல் ஸ்கூல் பஸ் வரை எல்லாம் ஓவர்டைமில் ஓடுகிறது. அவளிடம் நான் என்ன சண்டை போடுவது? சுண்ணாம்பைக் கொட்டியவரை விட்டுவிட்டு, எண்ணைப் படித்தவளை முறைக்கிறாளே என்று மனம் மட்டும் எரிந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. என்னை இறக்கியபோது கடிதமில்லை, இப்போது மட்டும் மூன்று பக்கம். வெளியார் முன்னிலையில் கம்பெனியின் பெயரைத் தாழ்த்தினேனாம். ஆங்கிலத்தில் அதே வார்த்தையைப் போட்டிருந்தார்கள், டிகிரேடேஷன். உள்விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

விசாரணை அறையில் மூன்று பேர். தலைமை தாங்கியவர் வேறொரு கிளையின் மேனேஜர். பக்கத்தில் கிரிதரன். ஓரத்தில் மனிதவளப் பிரிவின் ராஜினி, குறிப்பெடுப்பதற்கு. நான் தமிழில் பேசுவேன் என்று சொல்லியிருந்ததால் அவள்தான் மொழிபெயர்ப்பும். கடிதத்தை வாசித்து முடித்து, "ஒங்க பதில் என்ன ஆன்ட்டி?" என்றாள்.

"கம்பெனி பேரு எத்தன விழுக்காடு கொறஞ்சிருக்கு?" என்றேன்.

ராஜினி தயங்கி, அதை மொழிபெயர்த்தாள். தலைவர் புருவத்தைத் தூக்கினார்.

"அந்த வார்த்தய எழுதினா எண்ணும் எழுதணும். நான் ஏழு வருஷம் அப்படித்தான் எழுதினேன். மொதல்ல முன் அளவு என்ன? பொய் ரிப்போர்ட் போட்ட அன்னைக்குக் கம்பெனி பேரு எவ்வளவு இருந்துச்சு? அத எழுதுங்க. அப்புறம் நான் எவ்வளவு கொறச்சேன்னு கழிச்சுப் பாக்கலாம்."

"இது கிண்டல்," என்றார் கிரிதரன்.

"கிண்டல் இல்ல பாஸ். ஒங்ககிட்ட முன் அளவு இல்ல. என்கிட்ட இருக்கு. ராஜினி, எழுதிக்கம்மா. பத்தொம்போது வருஷம். ஒரு பொய்க் கையெழுத்து இல்ல. அது முன் அளவு. அப்புறம் இவரு என் கோட்டக் கழட்டினாரு. கழுத்துல அட்டைய மாட்டி ரெண்டு மாசம் ஊறப் போட்டாரு. ஊறினதுக்கப்புறம் எடுத்து, சாமி முன்னாடி நிறுத்தி, பொய் சொல்லுவேனான்னு ஊசிய எறக்கிப் பாத்தாரு."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. குறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"எறங்கல."

ராஜினி தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது. பிறகு விரலைத் திரும்ப வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஜீரோ விழுக்காடுன்னு போடவா ஆன்ட்டி?"

"போடு. கீழ என் பேரையும் போடு," என்று பேனாவை எடுத்தேன். "இந்த ரிப்போர்ட்டுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."